கடைவாய்ப் பல் வலிக்கு எங்கே போவது? அரசு மருத்துவமனை, பல் மருத்துவக் கல்லூரி, தனியார் கிளினிக்: ஓர் ஒப்பீடு

"அரசு ஆஸ்பத்திரியில் பல்லைப் பிடுங்கிவிடலாம் என்கிறார்கள், தனியாரிடம் போனால் வேர் சிகிச்சை செய்து உறை போட எட்டாயிரம் ஆகும் என்கிறார்கள், பல் மருத்துவக் கல்லூரியில் குறைவாக முடியும், ஆனால் பல நாள் அலைய வேண்டும் என்கிறார்கள். எதைச் செய்வது?" நாட்கூலிக்குச் செல்லும் குடும்பங்களிலிருந்து வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. வேர் சிகிச்சை (ரூட் கேனல்) என்பது பல்லின் உள்ளே கெட்டுப்போன சதையை எடுத்துச் சுத்தம் செய்து அடைப்பது; உறை என்பது அந்தப் பல்லின் மேல் மாட்டும் மூடி. கேட்பவருக்கு மூன்று வழிகளைப் பற்றியும் ஓரளவு தெரியும். எந்த அளவுகோலால் அவற்றை எடைபோடுவது என்பதில்தான் குழப்பம். விலையை மட்டும் வைத்து முடிவெடுப்பவர்கள் பெரும்பாலும் பல்லை இழக்கிறார்கள். பல்லை மட்டும் வைத்து முடிவெடுப்பவர்கள் சில வேளைகளில் கடனாளி ஆகிறார்கள்.

வாய் நோய்கள் உலக மக்கள்தொகையில் ஏறத்தாழ பாதிப் பேரை, அதாவது சுமார் 350 கோடிப் பேரைப் பாதிக்கின்றன என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. இவ்வளவு பரவலான நோயாக இருந்தும், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தரும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், கிளினிக்கில் நாற்காலியில் உட்கார்ந்து செய்துகொள்ளும் சாதாரணப் பல் சிகிச்சைக்கு உதவுவதில்லை. தாடை எலும்பு முறிவு, வாய்ப் புற்றுநோய் போன்றவற்றுக்கே அது பயன்படும். சொத்தைப் பல்லை அடைப்பதற்கும், வேர் சிகிச்சைக்கும், உறைக்கும், கட்டுப் பல்லுக்கும் ஆகும் செலவு நோயாளியின் கையிலிருந்துதான் போக வேண்டும். ஆகவே இடத்தைத் தேர்ந்தெடுப்பது என்பது ஏழைக் குடும்பத்துக்கு மருத்துவ முடிவாக இருப்பதோடு பணத்தைப் பற்றிய முடிவாகவும் ஆகிவிடுகிறது.

## எவற்றை வைத்து ஒப்பிடுவது

முதல் அளவுகோல், பல் நிற்குமா என்பது. வலி தீர்வது வேறு, பல் காப்பாற்றப்படுவது வேறு. கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கிவிட்டால் பக்கத்துப் பற்கள் அந்த இடைவெளியை நோக்கிச் சாயும். எதிர்ப் பல் மெல்ல நீளும். மெல்லும் வேலை ஒரே பக்கத்தில் விழும். அந்த இடத்தில் பிறகு செயற்கைப் பல் வைப்பதற்கு ஆகும் செலவு, பிடுங்குவதால் இன்று மிச்சமாகும் தொகையை எளிதில் தாண்டிவிடும்.

இரண்டாவது, எத்தனை முறை போக வேண்டும் என்பது. இதையே நான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானதாகக் கருதுகிறேன். தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு 2025-26ஆம் ஆண்டுக்கு நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி 336 ரூபாய். ஐந்து முறை போய்வர வேண்டிய சிகிச்சை என்றால் 1,680 ரூபாய்க் கூலி போகிறது; துணைக்கு ஒருவர் வந்தால் 3,360 ரூபாய். கட்டட வேலை செய்யும் கொத்தனாருக்கு இந்தக் கணக்கு இன்னும் பெரியதாகும். இதனால் "இலவசம்" என்று எழுதப்பட்ட சிகிச்சை சில குடும்பங்களுக்கு "மலிவு" என்று சொல்லப்படும் சிகிச்சையைவிட விலை கூடியதாகிவிடுகிறது. பயணச் செலவையும் இதனுடன் சேர்க்க வேண்டும். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் மாவட்டம் விட்டு மாவட்டம் செல்லும் புறநகர்ப் பேருந்துகளுக்கு இந்தச் சலுகை பொருந்தாது. பல் மருத்துவக் கல்லூரி இருக்கும் ஊருக்குப் பெரும்பாலான கிராமங்களிலிருந்து செல்வது அந்தப் புறநகர்ப் பேருந்தில்தான்.

மூன்றாவதாக, கருவிகளின் தூய்மை. இது வசதி குறித்த கேள்வி அன்று, உயிர் குறித்த கேள்வி. 2022-23இல் வாணியம்பாடியில் ஒரு பல் கிளினிக்கில் சிகிச்சை பெற்றவர்களிடையே மூளையையும் நரம்புகளையும் தாக்கும் பாக்டீரியா தொற்று ஏற்பட்டு எட்டுப் பேர் இறந்ததையும், வாயைக் கழுவப் பயன்படுத்திய உப்புநீர்க் குப்பியிலிருந்து அது பரவியிருக்கலாம் என்பதையும் ஆய்வாளர்கள் பின்னர் வெளியிட்டனர். நான்காவதாக, பிறகு சிக்கல் வந்தால் பொறுப்பேற்க யார் இருப்பார் என்பது. போட்ட உறை ஆறு மாதத்தில் கழன்றால், வேர் சிகிச்சை செய்த பல் மீண்டும் வீங்கினால், யாரிடம், எந்தச் சீட்டுடன் திரும்பிப் போவது என்பதை முதல் நாளே தெரிந்துகொள்ள வேண்டும்.

## அரசு மருத்துவமனையின் பல் பிரிவு

மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும், வட்ட மருத்துவமனைகளிலும், மேம்படுத்தப்பட்ட ஆரம்ப சுகாதார நிலையங்கள் பலவற்றிலும் பல் மருத்துவர் இருக்கிறார். புறநோயாளிச் சீட்டு வாங்கினால் போதும். பரிசோதனை, மரத்துப்போகும் ஊசி, பல் பிடுங்குதல், மாத்திரை எல்லாம் கட்டணமின்றிக் கிடைக்கும். சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்கு இந்த இடத்துக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு: பல் பிடுங்குவதற்கு முன் பார்க்க வேண்டிய இரத்தச் சர்க்கரை அளவை அதே வளாகத்தில் பார்த்து, கூடியிருந்தால் தொற்றா நோய்ப் பிரிவுக்கு அனுப்பி, கட்டுக்குள் வந்தபின் அழைப்பார்கள். தனியாரிடம் இதற்குத் தனிப் பரிசோதனைக் கூடமும் தனிக் கட்டணமும் தேவைப்படும்.

மறைவான செலவு, பல் போவதுதான். ஒரு நாற்காலி, ஒரு மருத்துவர், காலை நேரம் மட்டும் இயங்கும் புறநோயாளிப் பிரிவு, வாசலில் நீண்ட வரிசை என்ற நிலையில், ஒரு கடைவாய்ப் பல்லின் வேர் சிகிச்சைக்கு வேண்டிய ஒரு மணி நேரத்தை ஒதுக்குவது அந்த மருத்துவருக்குக் கடினம். தேவையான நுண்கருவிகளும் பொருள்களும் எல்லா இடங்களிலும் எப்போதும் இருப்பதில்லை. உறை தயாரிக்கும் ஆய்வகம் வட்ட மருத்துவமனையில் எதிர்பார்க்க முடியாதது. ஆகவே மருத்துவர் அக்கறையற்றவராக இல்லாவிட்டாலும் அமைப்பு அவரைப் பிடுங்குவதை நோக்கியே தள்ளுகிறது. பணம் உள்ளவரின் அதே பல்லுக்கு வேர் சிகிச்சையும், இல்லாதவரின் பல்லுக்குக் குறடும் என்ற ஏற்றத்தாழ்வு இப்படித்தான் நாள்தோறும் நிகழ்கிறது.

இதற்கு நோயாளியின் பக்கத்திலிருந்து செய்யக்கூடிய ஒரு காரியம் உண்டு. பிடுங்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னவுடன் வாயைத் திறந்துவிடாமல், "டாக்டர், இந்தப் பல்லை வைத்துக்கொள்ள வழி இருக்கிறதா? இருந்தால் எங்கே எழுதிக் கொடுப்பீர்கள்?" என்று கேட்க வேண்டும். காப்பாற்றக்கூடிய பல்லாக இருந்தால் வலிக்கும் தொற்றுக்கும் மாத்திரை தந்து, மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ கல்லூரிக்கோ பரிந்துரைச் சீட்டு எழுதித் தரும் மருத்துவர்கள் நிறைய இருக்கிறார்கள். நோயாளி கேட்பதில்லை என்பதால் எழுதுவதில்லை. வேர் வரை உடைந்துபோன பல், எலும்பு தேய்ந்து கையால் ஆட்டினாலே ஆடும் பல் என்றால் பிடுங்குவதே சரியான சிகிச்சை. அதற்குத் தனியாரிடம் பணம் கொடுக்க எந்தக் காரணமும் இல்லை.

மருத்துவர் விடுப்பிலோ, மாற்றுப் பணியிலோ, முகாமிலோ இருக்கும் நாள்களும் உண்டு. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போய் வெறுங்கையுடன் திரும்பாமலிருக்க, முதல் நாளே மருத்துவமனையைத் தொலைபேசியில் கேட்டுக்கொள்ள வேண்டும். 104 என்ற அரசின் மருத்துவ உதவி எண்ணிலும் விவரம் கேட்கலாம்.

## பல் மருத்துவக் கல்லூரி

தமிழ்நாட்டில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி என்றவுடன் நினைவுக்கு வருவது, 1953இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத் தொடங்கி, இன்று கோட்டை ரயில் நிலையத்துக்கு அருகே இயங்கும் கல்லூரி. சிதம்பரத்தில் முன்பு ராஜா முத்தையா பெயரில் இருந்த கல்லூரி இப்போது அரசின் வசம் உள்ளது; புதுக்கோட்டையில் 2023இல் புதிய அரசுக் கல்லூரி திறக்கப்பட்டது. மாநிலத்தின் மற்றக் கல்லூரிகளில் மிகப் பெரும்பாலானவை தனியாருடையவை. அவை சென்னையைச் சுற்றியும் சேலம், நாமக்கல், ஈரோடு வட்டாரத்திலும் நெருக்கமாக இருக்கின்றன. தனியார் கல்லூரி என்றவுடன் கட்டணத்துக்கு அஞ்சி ஒதுங்க வேண்டியதில்லை. மாணவர் படிப்பை முடிக்க இத்தனை பல் அடைத்திருக்க வேண்டும், இத்தனை கட்டுப் பல் செட் செய்திருக்க வேண்டும் என்ற விதி இருப்பதால், நோயாளி இல்லாமல் அந்தக் கல்லூரி இயங்க முடியாது. இதனால்தான் சில தனியார் கல்லூரிகள் கிராமங்களுக்கு இலவசப் பேருந்து அனுப்பி நோயாளிகளை அழைத்துச் செல்கின்றன. இங்கே நோயாளி தயவு கேட்டு நிற்பவர் அல்லர். கல்லூரிக்கும் அவர் தேவைப்படுகிறார். இந்தத் தெளிவோடு உள்ளே போவது நல்லது.

உள்ளே நடப்பது இப்படி. முதல் நாள் பதிவுச் சீட்டு வாங்கி வாய் நோய் கண்டறியும் பிரிவில் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் முடியும். அங்கிருந்து எந்தப் பல்லுக்கு என்ன தேவையோ அந்தத் துறைக்கு அனுப்புவார்கள்: வேர் சிகிச்சைக்கு ஒரு துறை, ஈறுக்கு ஒன்று, கட்டுப் பல்லுக்கு ஒன்று, குழந்தைகளுக்கு ஒன்று, அறுவைக்கு ஒன்று. துறையில் ஒரு மாணவரிடமோ, பயிற்சி மருத்துவரிடமோ, முதுநிலை மாணவரிடமோ ஒப்படைக்கப்படுவீர்கள். அவர் ஒவ்வொரு கட்டத்தையும் செய்துவிட்டு ஆசிரியரை அழைத்துக் காட்டி, ஒப்புதல் பெற்ற பிறகே அடுத்த கட்டத்துக்குப் போவார். தனியாரிடம் அரை மணியில் முடியும் வேலை இங்கே இரண்டு மணி நேரம் ஆவதற்குக் காரணம் இதுவே. "மாணவர்கள் கை பழகுவதற்கு என் பல்தானா கிடைத்தது" என்ற அச்சம் இயல்பானது. ஆனால் தனியார் கிளினிக்கில் மருத்துவர் செய்வதை வேறொருவர் சரிபார்ப்பதில்லை என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். வேருக்குள் மூன்று, நான்கு நரம்புக் குழாய்கள் கொண்ட கடைவாய்ப் பல்லாக இருந்தால் முதுநிலை மாணவரிடம் அனுப்பும்படி கேட்பதில் தவறில்லை. அவர் பட்டம் பெற்ற மருத்துவர், அந்தத் துறையிலேயே மூன்றாண்டுகள் படிப்பவர்.

கட்டணத்தைப் பொறுத்தவரை, அரசுக் கல்லூரியில் பெரும்பாலான சிகிச்சைகள் இலவசமாகவோ பெயரளவுக் கட்டணத்திலோ முடியும். தனியார் கல்லூரியில் வெளியே கேட்கும் தொகையில் ஒரு சிறு பகுதி ஆகும். ஆனால் உறைக்கும் கட்டுப் பல்லுக்கும் ஆய்வகக் கட்டணம் தனி என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

மறைவான செலவுகள் இங்கே பணமாக வராமல் நாள்களாக வருகின்றன. வேர் சிகிச்சையும் உறையும் முடிய நான்கைந்து முறையாவது போக வேண்டியிருக்கும். தேர்வு நேரத்திலும் விடுமுறையிலும் மாணவர்கள் இருக்க மாட்டார்கள். சிகிச்சை நடுவில் நிற்கும். பாதியில் நிற்கும் வேர் சிகிச்சை ஆபத்தானது: மேலே வைத்த தற்காலிக அடைப்பு சில வாரங்களில் தேய்ந்து, கிருமி மீண்டும் உள்ளே போய், முன்பைவிட மோசமான நிலையில் பல்லைப் பிடுங்க நேரும். கல்லூரிக்குப் போய்த் தொடங்கிவிட்டு, நெல் அறுப்பு வந்ததால் மூன்றாம் முறை போகாமல் விட்டுவிட்டவர்களின் பல் பெரும்பாலும் இப்படித்தான் போகிறது. ஆகவே முதல் நாளே மூன்று விஷயங்களைக் கேட்க வேண்டும். இந்தச் சிகிச்சை எத்தனை முறையில் முடியும்? இடையில் உங்களுக்குத் தேர்வு, விடுமுறை வருகிறதா? ஒரே நாளில் இரண்டு பற்களைச் சேர்த்துப் பார்க்க முடியுமா? தொலைவிலிருந்து வருகிறோம் என்று சொன்னால் நீண்ட அமர்வாக வைத்து முறைகளைக் குறைத்துத் தரும் துறைகள் உண்டு. சொல்லாதவருக்கு அந்தச் சலுகை கிடைக்காது.

இன்னொன்று, பேசப்படாதது. வகுப்பாக நின்று மாணவர்கள் வாயைப் பார்ப்பதும், படம் எடுப்பதும், நோயாளிக்குப் புரியாத மொழியில் அவரைப் பற்றியே பேசிக்கொள்வதும் சிலருக்குக் கூச்சத்தையும் அவமான உணர்வையும் தருகின்றன. படம் எடுக்க வேண்டாம் என்று சொல்லும் உரிமை நோயாளிக்கு உண்டு. கட்டணம் குறைவு என்பதால் அந்த உரிமை குறைந்துவிடுவதில்லை.

## தனியார் கிளினிக்

இதன் பெரிய பலம் மாலை நேரம். வேலை முடித்துக் குளித்துவிட்டு ஏழு மணிக்குப் போகலாம். ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும் கிளினிக்குகளும் உண்டு. கூலி போகாது, துணைக்கு வருபவரின் கூலியும் போகாது, பேருந்துச் செலவும் குறைவு. வேர் சிகிச்சை ஒன்று இரண்டு முறையில் முடிந்துவிடும். சிறு நகரங்களில் ஒரு கடைவாய்ப் பல்லின் வேர் சிகிச்சைக்கும் சாதாரண உறைக்கும் சேர்த்து 5,000 முதல் 10,000 ரூபாய் வரை கேட்பது வழக்கமாகிவிட்டது. கல்லூரிக்கு ஐந்து முறை இருவராகப் போய்வரும் கூலியையும் பயணத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் முதலில் தோன்றிய அளவுக்கு இருக்காது. அன்றாடம் ஆயிரம் ரூபாய் சம்பாதிக்கும் ஒருவருக்கு, ஒரே ஒரு பல்தான் கெட்டிருக்கிறது என்றால், பக்கத்து ஊர் கிளினிக்கே சிக்கனமானதாக இருக்கக்கூடும். இதை ஏழைகளிடம் சொல்லத் தயங்குபவர்கள் அவர்களின் நேரத்துக்கு விலை இல்லை என்று நினைக்கிறார்கள்.

ஆனால் சொல்லும் தொகை எதைச் சேர்த்தது என்பதில்தான் ஏமாற்றம் தொடங்குகிறது. "வேர் சிகிச்சை மூவாயிரம்" என்று சொல்லப்பட்டால் அதில் பெரும்பாலும் எக்ஸ்ரே, மாத்திரை, உறை எதுவும் சேர்ந்திருக்காது. மூவாயிரம் கட்டி வலி தீர்ந்தவுடன், உறைக்குப் பணமில்லாமல் நிறுத்திவிடுபவர்கள் மிகப் பலர். வேர் சிகிச்சை செய்த கடைவாய்ப் பல் உள்ளே குடையப்பட்டு வலுவிழந்திருக்கும். உறை இல்லாமல் முறுக்கையோ எலும்பையோ கடிக்கும்போது பிளந்துபோகும். பிறகு பிடுங்குவதைத் தவிர வழியில்லை. மூவாயிரமும் பல்லும் சேர்ந்து போகும். ஆகவே உறைக்கான பணமும் கையில் சேரும் வரை இந்த வழியில் இறங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அதுவரை அரசு மருத்துவமனையில் தற்காலிக அடைப்பும் மாத்திரையும் வாங்கிக்கொண்டு, அவர்கள் சொல்லும் கெடுவுக்குள் பணத்தைச் சேர்ப்பதே மேல். உறையிலும் உலோகம், உலோகத்தின் மேல் பீங்கான், சிர்கோனியா எனும் உறுதியான வெண்பீங்கான் என்று விலை ஏறிக்கொண்டே போகும். சிரிக்கும்போது தெரியாத கடைவாய்ப் பல்லுக்கு உலோக உறை உறுதியானது, மலிவானது. அதைக் கேட்டு வாங்க வேண்டும், ஏனெனில் பல இடங்களில் அதைத் தாமாகச் சொல்வதில்லை.

மருத்துவர் மாநிலப் பல் மருத்துவ மன்றத்தில் பதிவு செய்தவரா என்பதைச் சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழில் பார்க்கலாம். கருவிகளை ஆட்டோகிளேவ் செய்து (அழுத்த நீராவியில் கிருமி நீக்கி) பையிலிட்டு வைத்திருக்கிறார்களா, ஊசி புதிதாகப் பிரிக்கப்படுகிறதா, வாய் கழுவும் உப்புநீர்க் குப்பி ஏற்கெனவே திறந்து பலருக்குப் பயன்படுத்தியதா என்பதைக் கேட்பது வாணியம்பாடிக்குப் பிறகு எந்த மருத்துவருக்கும் கோபம் வரவேண்டிய கேள்வி அல்ல. கேட்டால் முகம் சுளிக்கும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடலாம். இந்தக் கேள்விகள் அரசு மருத்துவமனைக்கும் கல்லூரிக்கும் பொருந்தும்.

## பலர் மறந்துவிடும் இ.எஸ்.ஐ.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு மிகாத, இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் உள்ள தொழிலாளிக்கும் அவர் குடும்பத்துக்கும் மருத்துவ வசதியில் பல் சிகிச்சையும் சேர்ந்தது. சம்பளத்தில் 0.75 விழுக்காடு தொழிலாளியிடமும் 3.25 விழுக்காடு நிறுவனத்திடமும் பிடிக்கப்படுகிறது. திருப்பூர்ப் பனியன் கம்பெனியிலும் ஆம்பூர்த் தோல் தொழிற்சாலையிலும் வேலை செய்யும் பலர் மாதந்தோறும் இந்தத் தொகையைக் கொடுத்துவிட்டு, பல் வலிக்குத் தனியாரிடம் பணம் கட்டுகிறார்கள். இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் மருத்துவரிடம் பரிந்துரை வாங்கி இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கும் வரிசையும் காத்திருப்பும் உண்டு. ஒப்பந்தத் தொழிலாளர்கள் சம்பளச் சீட்டில் பிடித்தம் உண்மையாகவே காட்டப்பட்டிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

## முகாமும் மருந்துக் கடையும்

பள்ளியிலும் ஊர் மந்தையிலும் நடக்கும் இலவசப் பல் முகாம், நோயைக் கண்டுபிடிப்பதற்கு நல்லது, சிகிச்சைக்குப் போதாது. எந்தப் பல்லில் என்ன இருக்கிறது என்று எழுதி வாங்கிக்கொண்டால் அடுத்த இடத்தில் ஒரு வருகை மிச்சமாகும்.

உண்மையில் கிராமங்களில் மிகுதியாகத் தேர்ந்தெடுக்கப்படும் வழி, மேலே சொன்ன எதுவும் இல்லை: மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு தள்ளிப்போடுவது. "மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும்" என்ற நம்பிக்கையும் இதற்குத் துணை நிற்கிறது. பல்லின் நரம்புக்கும் பார்வை நரம்புக்கும் தொடர்பில்லை. வலி தானாக நின்றுவிட்டால் நோய் தீர்ந்தது என்று பொருளன்று; பல்லின் உள்ளே இருக்கும் உயிர்த்தசை செத்துவிட்டது, கிருமி எலும்பை நோக்கி இறங்குகிறது என்றே பெரும்பாலும் பொருள். மாத்திரையை நொறுக்கி ஈறில் வைத்தால் சதை வெந்து புண்ணாகும். பதிவில்லாதவர்கள் சில ஊர்களில் பக்கத்துப் பல்லோடு ஒட்டவைத்துக் கொடுக்கும் "ஃபிக்ஸ்டு பல்" அடியில் உணவு அழுகி, நன்றாக இருந்த பற்களையும் சேர்த்துக் கெடுத்துவிடும். இதை ஒரு வழியாகவே நான் கணக்கில் எடுக்கவில்லை.

| | அரசு மருத்துவமனை | பல் மருத்துவக் கல்லூரி | தனியார் கிளினிக் |
|---|---|---|---|
| கையிலிருந்து போகும் பணம் | இல்லை | குறைவு. ஆய்வகக் கட்டணம் தனி | அதிகம். உறையைச் சேர்த்துக் கேட்க வேண்டும் |
| போக வேண்டிய முறைகள் | பிடுங்க 1 அல்லது 2 | வேர் சிகிச்சைக்கும் உறைக்கும் 4 அல்லது 5, சில வேளை கூடுதல் | 2 அல்லது 3 |
| கூலி இழப்பு | அரை நாள் அல்லது ஒரு நாள் | ஒவ்வொரு முறையும் ஒரு நாள் | மாலையில் போனால் இல்லை |
| பல் நிற்கும் வாய்ப்பு | குறைவு | நன்று, பாதியில் விடாவிட்டால் | நன்று, உறை போட்டால் |
| எதற்கு ஏற்றது | வலி, பிடுங்குதல், பரிந்துரை | பல பற்கள், கட்டுப் பல் செட், சிக்கலான அறுவை | ஒரே பல், நேரமில்லாதவர் |

## யாருக்கு எது

ஆறு வயதில் கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் முளைப்பது நிரந்தரக் கடைவாய்ப் பல். அதைப் பால் பல் என்று நினைத்து, "விழுந்து முளைக்கும்" என்று விட்டுவிடுவது எங்கும் காணும் தவறு. அந்தப் பல் போனால் மீண்டும் முளைக்காது. பள்ளிக்கு வரும் அரசின் சிறார் நலக் குழு சொத்தைப் பல்லையும் பார்த்துப் பரிந்துரைக்கிறது. அந்தச் சீட்டோடு கல்லூரியின் குழந்தைகள் பிரிவுக்குப் போவதே நல்ல வழி. குழந்தையை நாற்காலியில் அமைதிப்படுத்தி உட்காரவைக்கும் பொறுமையும் நேரமும் அங்கே உண்டு.

பற்கள் எல்லாம் போய் முழு செட் வேண்டும் முதியவருக்குக் கல்லூரிக்கு நிகர் எதுவும் இல்லை. அச்சு எடுப்பது, கடி அளவு பார்ப்பது, மெழுகில் வைத்துப் பார்ப்பது, பொருத்துவது, பிறகு உறுத்தும் இடத்தைத் தேய்த்துச் சரிசெய்வது என்று எந்த இடத்திலும் பல முறை போயே ஆக வேண்டிய சிகிச்சை இது. ஆகவே முறைகளில் தனியாருக்கு இருக்கும் சாதகம் இங்கே இல்லாமல் போகிறது. வேலைக்குப் போகாத முதியவருக்குக் கூலி இழப்பும் இல்லை. துணைக்கு வருபவரின் நாள்தான் சிக்கல். ஒரே ஊரிலிருந்து இருவர் மூவர் சேர்ந்து போவதே இதற்குத் தீர்வு.

கர்ப்பிணிக்கு நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை பல் சிகிச்சை செய்துகொள்வது வசதியானது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாதப் பரிசோதனைக்குப் போகும் நாளிலேயே பல் மருத்துவரையும் பார்த்துவிடலாம். சக்கர நாற்காலியில் வருபவருக்கு முதல் கேள்வி மருத்துவர் எப்படி என்பதன்று, படிக்கட்டு எத்தனை என்பது. சிறு நகரக் கிளினிக்குகளில் பெரும்பாலானவை மின்தூக்கி இல்லாத மாடியில்தான் இருக்கின்றன. முழு மயக்கம் கொடுத்துத்தான் சிகிச்சை செய்ய முடியும் என்ற நிலையில் உள்ள மனவளர்ச்சிக் குறைபாடுடைய பிள்ளைகளுக்கு, மயக்க மருத்துவர் உள்ள பெரிய அரசு மருத்துவமனையோ கல்லூரியோதான் வழி.

எச்.ஐ.வி. உள்ளவர்களைப் பல தனியார் கிளினிக்குகள் ஏதாவது காரணம் சொல்லித் திருப்பி அனுப்புகின்றன. சிகிச்சை மறுப்பதை 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் தடை செய்கிறது. ஆயினும் வலியோடு நிற்பவர் சட்டத்தை நடத்திக்கொண்டிருக்க முடியாது. எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து சிகிச்சை (ஏ.ஆர்.டி.) மையம் உள்ள அரசு மருத்துவமனையின் பல் பிரிவுக்கு மையத்திலிருந்தே எழுதி வாங்கிப் போவது எளிது.

தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் நீரிலுள்ள ஃபுளோரைடால் பல் பழுப்பேறியவர்கள், குறிப்பாகத் திருமணப் பேச்சு நடக்கும் வீடுகளில், அதை மறைக்கத் தனியாரிடம் பெருந்தொகை செலவிட முனைகிறார்கள். 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் பயன்பாட்டுக்கு வந்ததற்கு முன் வளர்ந்தவர்களின் பற்களில் அந்தக் கறை மிகுதி. இது வலியற்ற, அவசரமற்ற சிக்கல்; கல்லூரியில் காத்திருந்து செய்துகொள்வதால் எந்த இழப்பும் இல்லை. ஜவ்வாது மலை, கல்வராயன் மலை போன்ற இடங்களிலிருந்து இறங்கி வருபவர்களுக்கோ இந்த அறிவுரை பொருந்தாது. ஒவ்வொரு முறை இறங்குவதும் அவர்களுக்கு ஒரு முழு நாள் என்பதால், எங்கே முறைகள் குறைவோ அதுவே அவர்களுக்கு ஏற்ற இடம்.

## ஒப்பிட்டுக்கொண்டிருக்கக் கூடாத நிலைகள்

தாடைக்குக் கீழே வீக்கம் இறங்கி, காய்ச்சலும் இருந்து, வாயைத் திறக்கவோ எச்சில் விழுங்கவோ சிரமம் என்றால், எந்தக் கணக்கும் வேண்டாம். 108ஐ அழைத்து, அவசரப் பிரிவு உள்ள அரசு மருத்துவமனைக்கு அன்றே போக வேண்டும். பல் தொற்று கழுத்தில் பரவி மூச்சுக் குழாயை அடைத்தால் சில மணி நேரத்தில் உயிர் போகும்.

வாயில் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெள்ளையாகவோ சிவப்பாகவோ மாறாத படலம், காரணமில்லாமல் ஆடத் தொடங்கிய பல் ஆகியவை, குறிப்பாகப் புகையிலையும் பாக்கும் போடுபவரிடம், புற்றுநோயாக இருக்கக்கூடும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ பல் மருத்துவக் கல்லூரியிலோ சதைப் பரிசோதனை செய்ய வேண்டும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு, பல்லுக்கு உதவாத முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இங்கே உதவும். அட்டை இல்லாதவர் கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று பெற்று மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டு மையத்தில் விண்ணப்பிக்கலாம். காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டை அரசுப் புற்றுநோய் மருத்துவமனையும், 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிறுவனமும் இத்தகையோரை அனுப்பிவைக்கும் இடங்கள். கதிர்வீச்சுச் சிகிச்சை தொடங்குவதற்கு முன் பல் மருத்துவரிடம் காட்டி, கெட்ட பற்களைப் பிடுங்கிப் புண் ஆறவிட வேண்டும். கதிர்வீச்சுக்குப் பிறகு பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் அழுகிப்போகும் அபாயம் உண்டு. இந்த ஒரு நிலையில், வேறு சமயத்தில் வேர் சிகிச்சை செய்து காப்பாற்றியிருக்கக்கூடிய பல்லையும் பிடுங்கச் சொன்னால் மறுக்காமல் பிடுங்கிக்கொள்ள வேண்டும்.